ஆக்சிமீட்டரைக் கீழே வைக்க முடியவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 41. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 2021-இல் கொரோனா வந்து வீட்டிலேயே குணமானேன். அதே வாரத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் மூச்சுத்திணறி இறந்துபோனார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க அப்போது வாங்கிய ஆக்சிமீட்டரில் இன்னமும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது விரலை வைத்துப் பார்க்கிறேன். யாராவது இருமினால் நெஞ்சு படபடக்கிறது. லிஃப்டில் ஏறுவதில்லை, கூட்டமான பஸ்ஸைத் தவிர்க்கிறேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதாகவும் இது வெறும் டென்ஷன் என்றும் சொல்லிவிட்டார்கள். உறவினர் ஒருவர் தந்த அல்பிரசோலம் மாத்திரையை மூன்று வாரமாகத் தினமும் இரவில் போடுகிறேன். மனநல மருத்துவரிடம் போனால் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்கிறார்களே? 'பதற்றத்திலிருந்து 21 நாளில் நிரந்தர விடுதலை' என்ற இணையப் பயிற்சியில் சேரலாமா, டாக்டர்?

பதில்: பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். மாத்திரையை இன்று இரவே நிறுத்தியும் விடாதீர்கள். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் மாத்திரை. அல்பிரசோலம் போட்ட சற்று நேரத்தில் படபடப்பு அடங்கிவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் முன்பைவிடப் பல மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதுவரை மது கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மாத்திரை கொடுத்த உறவினர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் சீட்டில்லாமல் இதை விற்கும் மருந்துக்கடைக்காரர்களை என்னால் அப்படி எண்ண முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒரு பட்டை வாங்கியவர்கள், ஆண்டுகள் கழித்து அதை விட முடியாமல் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் இருந்த பதற்றத்தைவிட இந்த மாத்திரையிலிருந்து மீட்பதுதான் எனக்குப் பெரிய வேலையாகிவிடுகிறது.

இந்த மாத்திரையையும் மனநல மருத்துவர் தருவதையும் ஒன்றாக எண்ணும் குழப்பமே 'வாழ்நாள் மாத்திரை' என்ற பயத்துக்கும் காரணம். மனநல மருத்துவர் பதற்றத்துக்குத் தரும் முதல்நிலை மருந்துகள் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை. இவை உடனே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஆன பிறகும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்துவோம். அல்பிரசோலத்தைத் தேடுவதுபோல் மனம் இவற்றைத் தேடாது. உங்களுக்கு மருந்தே தேவைப்படாமலும் போகலாம்.

இனி அந்தக் கருவி. உங்கள் பிரச்சினையின் மையம் லிஃப்டும் அல்ல, பஸ்ஸும் அல்ல. விரலில் மாட்டும் அந்தக் கருவிதான். என்ன நடக்கிறது என்று பாருங்கள். லேசாக ஒரு படபடப்பு. உடனே கருவியைத் தேடுகிறீர்கள். விரல் சில்லென்றிருக்கிறது, அல்லது நகப்பூச்சு இருக்கிறது. கருவி 93 என்று காட்டுகிறது. நெஞ்சு தடதடக்கிறது, வேகமாக மூச்சை இழுக்கிறீர்கள். விரலை மாற்றி, தேய்த்துச் சூடாக்கி, மீண்டும் வைக்கிறீர்கள். 97. அப்பாடா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் உங்களை மறுபடி மறுபடி கருவியிடம் அழைத்துப்போகிறது. 'பார்த்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை ஒவ்வொரு முறையும் பாடம் படித்துக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. அதனால் விரல் நுனி மரத்துப்போகும், தலை லேசாகும், மூச்சு போதவில்லை என்ற உணர்வு வரும். அதனால் 'ஆழமாக மூச்சை இழுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள், போதும். படபடப்பு சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் தானே இறங்கிவிடும்.

கருவியை வேறு அறையில், எட்டாத அலமாரியில் வையுங்கள். முதல் வாரம் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள். படபடப்பு வந்தபோது பார்க்கவே கூடாது. அடுத்த வாரம் ஒரு முறை. அதற்கடுத்த வாரம் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். லிஃப்டுக்கும் இதே முறைதான். ஒரு மாடி மட்டும் ஏறுங்கள், பயத்தோடே ஏறுங்கள், தினமும் ஏறுங்கள். பயம் போன பிறகு ஏறலாம் என்று காத்திருந்தால் அது போகாது. அந்த ஒரு மாடி சலித்துப்போனதும் இரண்டு மாடி, பிறகு கூட்டமில்லாத நேரத்து பஸ், கடைசியாகக் கூட்டமான பஸ். காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குப் பிறகு வேண்டாம். தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்.

அந்த 21 நாள் பயிற்சிக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்கள் வலைவீசும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் ஏழு கேள்விகள் கொண்ட 'இலவச மனநலப் பரிசோதனை'. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள், கவலையை நிறுத்த முடிந்ததா என்று கேட்டு 21-க்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். அந்தக் கேள்விகள் அவர்களுடையவை அல்ல. 2006-இல் வெளியான ஜிஏடி-7 என்ற வினாப்பட்டியல் அது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்பதல்ல. ஆனால் நீங்கள் 14 எடுத்த அடுத்த நிமிடமே தொலைபேசி வரும். 'உங்கள் நிலைமை கொஞ்சம் தீவிரம், இன்றைக்குள் சேர்ந்தால் சலுகை' என்பார்கள். பயந்துபோனவரை இன்னும் பயமுறுத்திக் காசு பார்ப்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிரந்தரத் தீர்வு என்று உத்தரவாதம் தருபவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், மருத்துவர் தந்த மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்பவர், இவர்களில் எவரிடமும் போகாதீர்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் முறையாகப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம், பத்துப் பதினைந்து அமர்வுகளிலேயே நல்ல மாற்றம் தெரியும். அவரிடம் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். உங்களுக்குப் படபடப்பு லிஃப்டில் மட்டும்தான் வருகிறதா, அல்லது படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போதும் வருகிறதா? எந்தப் பயமும் இல்லாத நேரத்தில், பல் துலக்க நிற்கும்போதோ, வரிசையில் நிற்கும்போதோ நெஞ்சு ஓடி, தலை சுற்றி, உட்கார்ந்தாலோ படுத்தாலோ சரியாகிவிடுகிறதா? அப்படியானால் அது பதற்றமாக இல்லாமல், கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு வரும் நாடித்துடிப்புக் கோளாறாக இருக்கலாம். படுத்திருந்து எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள், ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி, கூடியபடியே நிற்கும். படுத்தபடி எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாது. இதை நீங்கள் வீட்டில் அளக்க வேண்டாம், மறுபடியும் கருவியிடமே போய்விடுவீர்கள். மருத்துவமனையில் ஒரே ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். ஒரு கட்டில், ஒரு கடிகாரம், ரத்த அழுத்தக் கருவி, கூட நிற்க ஒரு செவிலியர், தேவை அவ்வளவுதான். ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுத இடமிருக்கும் மருத்துவமனைகளில் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஏன் இடமில்லை என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதேபோல், கொஞ்சம் உழைத்த மறுநாள் எழவே முடியாதபடி உடல் துவண்டுபோகிறவர் 'தினமும் வேகமாக நடங்கள்' என்ற பொது அறிவுரையைப் பின்பற்றக் கூடாது. அவருக்கு அது கெடுதல் செய்யும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

'வெறும் டென்ஷன்' என்று சொல்லி அனுப்பியது எனக்கு உறுத்துகிறது. பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. 2023 மே 5-ஆம் தேதி கொரோனாவுக்கான உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்ததாகவும் அதே நிறுவனம் அறிவித்தது. அரசுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் மனநலத்துக்குப் போவது சராசரியாக 2 சதவீத அளவுதான். பிறகு எப்படி ஒருவரை உட்காரவைத்துப் பேச ஆள் இருக்கும்? சோதனை முடிவுகள் சரியாக இருந்தால் அது நல்ல செய்தி. ஆனால் சிகிச்சை அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அந்த உறவினரின் மரணத்தைப் பற்றியும் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கருவியைத் தேடி ஓடுவதற்கும் அதற்கும் நிச்சயம் தொடர்பு இருக்கிறது.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் வாரக்கணக்கு வேண்டாம், அன்றே போங்கள். உங்களுக்கு அங்கே கிடைக்கும் நேரம் குறைவாகவே இருக்கும் என்பதால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக, நாளுக்கு எத்தனை காபி, எந்தெந்த இடங்களைத் தவிர்க்கிறீர்கள், நிற்கும்போது படபடப்பு வருகிறதா. மாத்திரைப் பட்டையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.