பாவாடை நாடா சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: வயது 43. மூன்று மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் டம்பெல் தூக்குகிறேன். இனிப்பு, பலகாரம் எல்லாம் விட்டாயிற்று. 74 கிலோ இருந்தேன். இன்று காலை 73. தினமும் எடை பார்த்துப் பார்த்து மனசே விட்டுப்போகிறது. பாவாடை நாடாவை முன்பைவிட இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது, மற்றபடி ஒரு பலனும் இல்லை. நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். முடிச்சுக்குக் கீழே தொங்கும் நாடா நீண்டிருக்கிறது என்றால் உங்கள் இடுப்பு குறைந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பின் பலனை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அதே வரியில் அதை அடித்தும் விட்டீர்களே!

எடை மெஷினுக்குக் கொழுப்பு எது, தசை எது, தண்ணீர் எது என்று தெரியாது. முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடினால் உடம்பில் நீர் தங்கும். மாதவிலக்குக்கு முன்பும் தங்கும், டம்பெல் தூக்கி உடம்பு வலிக்கிற நாட்களிலும் தங்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இப்படியே ஏறி இறங்கிவிடும். அப்புறம், ஒரு கிலோ தசை அடைக்கிற இடம் ஒரு கிலோ கொழுப்பு அடைக்கிற இடத்தைவிடக் குறைவு. கொழுப்பு கரைந்து தசை ஏறும்போது வயிறு வற்றும், முள் அசையாது. அந்த மெஷினைப் பரணில் போடுங்கள். மாதம் ஒரு நாள் இறக்கிப் பார்த்தால் போதும்.

நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது அதுதான். அதனால்தான் தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்று இடுப்புச் சுற்றளவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நீங்கள் துரத்த வேண்டிய எண் அது.

புதிதாக ஓர் இன்ச் டேப் வாங்குங்கள். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். காலையில் வெறும் வயிற்றில் அளக்க வேண்டும். நாடா கட்டும் இடத்தில் வேண்டாம், அது கீழே இறங்கியிருக்கும். விலாவில் விரலை வைத்துக் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டுப் படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். டேப் தோலில் படிய வேண்டும், பதியக் கூடாது. புஜத்தையும் தொடையையும் அளந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தில். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் அளந்தால் கால் அங்குலம் கை தவறியதற்கெல்லாம் அழுவீர்கள்.

மூன்று மாதத்துக்கு முந்தைய அளவு எடுக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் டெய்லரின் நோட்டில் இருக்கும். இல்லையா, அவரிடம் கொடுக்கிற அளவு ஜாக்கெட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். கொக்கி திணறாமல் மாட்டுகிறதா? விலாப்பக்கம் துணி மடிகிறதா? சரி, பக்கத் தையலை உள்ளே பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அங்கே பிரித்துவிட்ட பழைய தையல் தடங்கள் வரிசையாக இருக்குமே, அதில் எந்தத் தடத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

இன்னும் இரண்டு மாதம் இதே ஒழுங்கில் போயும் டேப்பும் எடையும் இரண்டுமே அசையவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துத் தைராய்டைப் பரிசோதியுங்கள். அப்போதும் நடையை நிறுத்தாதீர்கள்.