சன்னல் கழுவும் நீர்க்கம்பில் தண்ணீரின் அளவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

உயரமான சன்னல்களைத் தரையில் நின்றே கழுவ உதவும் நீளமான கம்பு இது. அதனுள் ஓடும் குழாய், உப்பு நீக்கிய தண்ணீரை நுனியிலுள்ள பிரஷ்ஷுக்குக் கொண்டுபோகிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளிவர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நீரோட்டக் கட்டுப்பாடு. சாதாரண வேலைக்கு 1 முதல் 2 லிட்டர் போதும்.

தட்டு கழுவுவதை நினைத்துப் பாருங்கள்: தேய்க்கும்போது கொஞ்சம் ஈரம் போதும், அலசும்போதுதான் தண்ணீர் நிறைய வேண்டும். அலசல் குறைந்தால் கலங்கிய நீர் கண்ணாடியிலேயே காய்ந்து புள்ளியாகிவிடும். கூடினால், பாடுபட்டுச் சுத்திகரித்த நீர் வீண்.

அளவை, தண்ணீரைத் தள்ளும் பம்ப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகிலேயே வையுங்கள். கம்பின் அடியிலுள்ள வால்வு, ஒரு சன்னலிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது நிறுத்தத்தான். பம்ப்பை முழுவேகத்தில் விட்டு வால்வால் நெரித்தால் அழுத்தம் ஏறி இணைப்புகள் கழன்றுவிடலாம். 10 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தம் குறையும். உயரத்துக்கேற்பத் திருகைக் கூட்டுங்கள். பம்ப் திரையில் தெரியும் எண் பெரும்பாலும் லிட்டர் அல்ல. பிரஷ்ஷை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடம் அளந்து பாருங்கள்.

வேகமாகப் பீய்ச்சினால் நன்றாகச் சுத்தமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அழுக்கைப் பெயர்ப்பது பிரஷ்ஷின் தேய்ப்பு, அதை அடித்துச் செல்வது தண்ணீரின் அளவு, வேகம் அல்ல.