கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லுமுன்

கேள்வி: லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் எங்கள் கீசர் ஹீட் பம்பில் (காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் யூனிட்) ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரஸர் மட்டும் சில நொடி முனகிவிட்டு நின்றுவிடுகிறது. தண்ணீர் சூடாவதில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது, புது யூனிட் வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று முதலில் கேளுங்கள். இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு) இல்லாத யூனிட் இப்படி முனகினால் சந்தேகம் முதலில் ரன் கெபாசிட்டர் (மோட்டார் கிளம்பவும் ஓடவும் உதவும் மின்தேக்கி) மேல்தான் விழ வேண்டும்.

டிபி போர்டில் (வீட்டு பிரேக்கர் பெட்டி) பிரேக்கரையும், யூனிட் பக்கத்து ஐசோலேட்டரையும் (தனி ஸ்விட்ச்) அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். அப்போதும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் முனைகளில் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். வயர்களைப் படமெடுத்துக்கொண்டு கழற்றி அளக்கலாம். மேலே 50 மைக்ரோஃபாரட் ±5% என்று அச்சடித்திருந்தால், 47.5க்குக் கீழே காட்டுவதை மாற்ற வேண்டியதுதான். வீங்கியிருந்தால் அளக்கவே தேவையில்லை.

அது சரியாக இருந்தால் கான்டாக்டரை (கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) பாருங்கள். பாயிண்ட் கருகியிருக்கலாம், எறும்பு புகுந்திருக்கலாம். டர்பன் பக்கம் பல்லியும் உண்டு!

கம்ப்ரஸர் முறை கடைசியில்தான். வயர்களைக் கழற்றி C (பொது), R (ரன்), S (ஸ்டார்ட்) முனைகளுக்கிடையே ஓம் அளக்க வேண்டும். C–R 1.5, C–S 2.5 என்றால் R–S ஏறக்குறைய 4 வர வேண்டும். அந்த இரண்டின் கூட்டுத்தொகை அது. R–S காட்டி, C–யிலிருந்து இரண்டு பக்கமும் ஓப்பன் (தொடர்பில்லை) என்றால் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் ஓவர்லோடு (சூடேறினால் கரண்டை வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச்) சூட்டில் திறந்திருக்கலாம். சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

கரண்ட் வந்ததுமே கம்ப்ரஸர் ஓடப் பார்ப்பதும் ஒரு காரணம். இரண்டு பக்கத்து கேஸ் அழுத்தமும் சமமாகாமல் மோட்டாரால் கிளம்ப முடியாது. பல போர்டுகளில் 3 நிமிட டிலே உண்டு. அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதும் ஐசோலேட்டரை அணைத்து, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது இன்னும் நல்லது. வோல்டேஜ் 207க்குக் கீழே இருந்தாலும் இதே முனகல்தான்.

கேள்வி: மழை பெய்தால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு ரிலே) டிரிப் ஆகிறது. ஹீட் பம்ப் பிரேக்கரை அணைத்தாலும் நிற்பதில்லை. அப்படியானால் ஹீட் பம்பில் குறை இல்லைதானே?
– வாசகர், டொங்காட்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சிங்கிள்-போல் பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் வேறு எது ஓடினாலும் 30 மில்லிஆம்ப் ரிலே விழும். டபுள்-போல் ஐசோலேட்டரை அணைத்துப் பாருங்கள். டிரிப் நின்றால் குறை ஐசோலேட்டருக்கு அப்பால், யூனிட் பக்கம்தான். கீசருக்குள் பேக்கப் எலிமென்ட் (கரண்டில் சூடாகும் கம்பி) விட்டுவைத்திருந்தால் அதைத்தான் முதலில் கழற்றிச் சோதிக்கச் சொல்வேன். அடுத்தது, உப்புக்காற்றில் அரித்த ஃபேன் மோட்டாரும் டெர்மினலும். எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்க்கட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வரக்கூடாது. கன்ட்ரோல் போர்டின் வயர்களை முன்பே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் சோதனையே போர்டைக் கொன்றுவிடும்.

கேள்வி: 35 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கிடைக்கவில்லை. 50 போடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. ஸ்டார்ட் வைண்டிங்கில் கரண்ட் ஏறி மோட்டார் சூடாகும். வோல்ட் மட்டும் கூடலாம்: 400க்குப் பதில் 450 சரி, 370 ஆகாது.