சிரித்துக்கொண்டே படிக்கலாமா கொடிய வரலாற்றை?

கேள்வி: என் பத்து வயது மகன் ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ என்ற, வரலாற்றை நகைச்சுவையாகச் சொல்லும் ஆங்கிலச் சிறுவர் நூல் வரிசையை விரும்பிப் படிக்கிறான். லண்டன் மக்கள் கொள்ளைநோயில் (பிளேக்) மடிந்த கதையை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். பிறர் துன்பம் அவனுக்கு விளையாட்டாகிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. தடுத்துவிடலாமா? – வாசகி ஒருவர், திருச்சி.

பதில்: தடுக்காதீர்கள், சகோதரி. டெர்ரி டியரி எழுதி, மார்ட்டின் பிரவுன் படம் வரைந்து 1993 முதல் வெளிவரும் இந்நூல்கள், அரசர்களின் பெயர்களோடு நின்றுவிடாமல், எளிய மக்கள் பட்ட பாட்டையும் குழந்தைகளிடம் கொண்டுசேர்க்கின்றன. உங்கள் மகன் எதற்காகச் சிரிக்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அவன் சொல்லும் கொள்ளைநோயையே எடுத்துக்கொள்வோம். 1665-இல் அந்நோய் லண்டனைத் தாக்கியபோது, நாய்களும் பூனைகளுமே அதைப் பரப்புகின்றன என்று நம்பிய நகர நிர்வாகம், எலி பிடிக்கும் பூனைகளையும் சேர்த்துக் கொன்றொழிக்க ஆணையிட்டது. புகையிலைப் புகை நோயை விரட்டும் என்ற நம்பிக்கையில் ஈட்டன் பள்ளிச் சிறுவர்கள் புகைபிடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டதாகவும், ஒரு நாள் புகைக்காமல் இருந்த மாணவனுக்குச் சவுக்கடி கிடைத்ததாகவும் ஒரு குறிப்பு உண்டு. இதைப் படித்து ஒரு குழந்தை சிரித்தால், அது அதிகாரத்தில் இருந்த பெரியவர்களின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறது. அதில் தவறே இல்லை. அப்படிச் சிரித்த பிள்ளைதான், ‘அப்படியானால் உண்மையான காரணம் என்ன?’ என்று கேட்கும். 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த கதையை அப்போது நீங்கள் சொல்லலாம்.

ஆனால் அதே 1665-இல், ஒருவருக்கு நோய் கண்டாலும் வீட்டிலிருந்த அனைவரையும், நலமாக இருந்த குழந்தைகள் உட்பட, உள்ளே வைத்துப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து, வெளியே காவலும் போட்டார்கள். லண்டனில் அந்த ஆண்டு கொள்ளைநோயால் இறந்தவர்களாகப் பதிவானவர்கள் மட்டும் 68,000-க்கும் மேல். இந்த இடத்திலும் அவன் சிரித்தால் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பூட்டிய வீட்டில் அவன் வயதுச் சிறுவன் ஒருவன் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பான் என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் அங்கே தாமாகவே மௌனமாகிவிடுவார்கள்.

நகைச்சுவை நுழையவே கூடாத இடங்களும் உண்டு. 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரை எள்ளி நகையாடிய சார்லி சாப்ளினே, நாஜி வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் அன்று தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். சர்வாதிகாரியின் வீண் பெருமையைப் பார்த்துக் குழந்தை சிரிக்கட்டும். வதைமுகாம்களையும், ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டு ஏற்றிச்சென்ற அடிமைக் கப்பல்களையும் பற்றி, அவன் வயதுக்குத் தாங்கும் அளவில், வேடிக்கை கலக்காமல் நீங்களோ அவன் அப்பாவோ அருகில் அமர்ந்து சொல்லுங்கள். அதை நூலின் பொறுப்பில் விட்டுவிட வேண்டாம்.