ரப்பர் வண்டுக்குப் பதினெட்டாயிரம் ரூபாயா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே வீடு கட்டி, தை மாதம் பால் காய்ச்சினோம். சித்திரையில் மழை பெய்த ராத்திரி கறுப்பு வண்டுகள் ஆயிரக்கணக்கில் நுழைந்து ஜிப்சம் சீலிங்குக்கு மேலே அடைந்துவிட்டன. படுக்கையில் விழுகின்றன. மகளின் கழுத்தில் சூடு பட்டது போல ஒரு தடம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி வேறு. மருந்து அடிப்பவர் வந்து, ஜன்னலோரம் கிடந்த சிறகுகளைக் காட்டி, ‘செதலும் (கரையான்) ஏறிவிட்டது, எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய், மூன்று வருஷம் கேரண்டி’ என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

வந்திருப்பது ரப்பர் வண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், முப்ளி வண்டு என்பார்கள்; திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் என்ற ஊரை வைத்து வந்த பெயர். ரப்பர் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையைத் தின்று அங்கேயே பெருகும். கோடை மழையில் சருகு நனைந்ததும் கூட்டமாகக் கிளம்பி, ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள் வரும். வந்த பிறகு தின்பதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை. ஓட்டிடுக்கிலும் சீலிங்குக்கு மேலேயும் அப்படியே அடைந்து கிடக்கும். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிரும்போது தானாகவே விளைக்குத் திரும்பிவிடும்.

கேரண்டியின் ரகசியமும் இதுதான். இப்போது அடிக்கிற மருந்தில் வெளியே தெரிகிற நாலு வண்டு சாகும், உள்ளே இருப்பது இருக்கும், அடுத்த மழைக்குப் புதுக்கூட்டம் வரும். மார்கழியில் எல்லாம் கிளம்பிப் போனதும் அவர் போன் பண்ணி, ‘பார்த்தீர்களா, நம்ம மருந்து!’ என்பார்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். காசுக்கு மருந்து அடிப்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. உங்களிடம் வந்தவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், டப்பாவில் இருக்கும் மருந்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்போதே பைக்கைக் கிளப்பிவிடுவார்கள். யார் போய்ச் சோதிப்பது என்றுதான் தெரியவில்லை. இந்த வண்டு விஷயமாக நானே ஒரு அலுவலகத்துக்கு மனு எழுதி, அது மூன்று மேஜை ஏறி இறங்கித் திரும்பி வந்தது. மரத்தைத் தின்னாததால் பயிர்ப்பூச்சி இல்லையாம். நோய் பரப்பாததால் சுகாதாரத்தில் சேராதாம். படுக்கையில் விழுந்தால் எந்தத் துறை?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மழை பெய்கிற மாலைகளில் ஏழிலிருந்து ஒன்பது மணிவரை வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்துக் கோடியில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள். அடியில் அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர். காலையில் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். உள்ளே விழுந்ததை வாரியலால் கூட்டி அதே தண்ணீரில் தள்ளுங்கள், நசுக்கக் கூடாது. நசுங்கினால் அது விடுகிற நீர் தோலைச் சுடும். மகள் கழுத்தில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும், பாவம் எட்டுக்கால் பூச்சி மேல் பழி. தோலில் பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காதுக்குள் போனால் குடையாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெண்டிலேட்டருக்கு நைலான் வலை அடித்து, சீலிங் விளிம்பில் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

அந்த எட்டுக்கால் பூச்சி வலை கட்டாது, ஓடிப் பிடித்துக் கரப்பான் தின்னும். வயிற்றடியில் வெள்ளையாக வட்டில் மாதிரி எதையாவது சுமந்தால் அது முட்டைப்பை. கையால் பிடிக்காதவரை கடிக்காது. விட்டுவிடுங்கள்.

மருந்து தேவைப்படுகிற ஒரே இடம் செதல். அதற்குச் சிறகு மட்டும் சாட்சி ஆகாது. அது ஈசல் சிறகு; ஈசல் என்பது சிறகு முளைத்த செதல்தான். மழை ராத்திரியில் வெளியிலிருந்து விளக்குக்கு வருவது எல்லா வீட்டிலும் நடக்கும். ஆனால் ஈசல் உங்கள் கதவு நிலையின் விரிசலிலிருந்தோ தரை ஓரத்திலிருந்தோ புறப்பட்டு வந்திருந்தால் கதை வேறு. நிலையைத் தட்டிப் பாருங்கள், பொள்ளையாகச் சத்தம் வருகிறதா? சுவரில் பென்சில் கனத்துக்கு மண்கோடு ஏறுகிறதா? ஏறினால் விரல் அளவுக்கு அதை உடைத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். உடைத்த இடத்தை மறுபடி பூசியிருந்தால் உள்ளே உயிருள்ள செதல் இருக்கிறது, மருந்து வைத்தே ஆக வேண்டும். அப்போதும் சுவர் மேல் தெளிப்பது வீண். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்தை உள்ளே இறக்கி அடைக்க வேண்டும். துளை போடும் மெஷின் இல்லாமல் வருபவரை வாசலோடு அனுப்புங்கள். அப்புறம், அஸ்திவாரத்தில் செதல் மருந்து ஊற்றியதாக உங்கள் கான்ட்ராக்டர் கணக்கில் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். எழுதியிருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

வண்டு அடுத்த வருஷமும் வரும். குறைக்க வேண்டுமானால், தை மாசியில் வீட்டை ஒட்டிய நாலைந்து வரிசை மரங்களின் சருகை வாரித் தூரத்தில் குழியில் போட வேண்டும். பக்கத்து விளைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சருகுக்கு அங்கேயே தீ வைக்க மட்டும் விடாதீர்கள். பால் வெட்டுகிற பட்டை வெந்துபோனால் வண்டைவிடப் பெரிய வழக்கு அது.