மாடிப்படி ஏறினால் வரும் முதுகுவலிக்குக் கப்பிங் செய்யலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. 5 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சில வாரங்களாக மேல் முதுகில் இறுக்கமாக வலிக்கிறது என்று ஒரு கப்பிங் நிலையத்தில் (தோலில் குவளையைக் கவிழ்த்து உறிஞ்சும் சிகிச்சை) 3 முறை தோலைக் கீறி இரத்தம் எடுத்துக்கொண்டார். இரத்தம் நிற்காது என்பதால், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை அங்கே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தி 9 நாட்கள் ஆகின்றன. மாடிப்படி ஏறும்போதுதான் வலி வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. முதுகில் கருநீல வட்டங்களாக இரத்தம் கட்டியிருக்கிறது. வெளியே வந்த இரத்தமும் கறுப்பாக, கட்டி கட்டியாக இருந்தது. இந்தக் கட்டிகள் நகர்ந்து போய் இதயத்தை அடைத்துவிடுமா? (வாசகி, திருச்சி)

பதில்: முதுகில் உள்ளவை இதயத்துக்குப் போகமாட்டா. ஆனால் அவருடைய இதயத்தை நினைத்து நீங்கள் அஞ்சுவது சரியே. அதற்கான காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. படியேறினால் வலி வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்கிறீர்கள். அந்த வரியைப் படித்தவுடன், இன்றே அவரை ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கான காரணத்தை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

தசைப்பிடிப்பால் வரும் வலி குனிந்தால், திரும்பினால், கையைத் தூக்கினால், அந்த இடத்தை அழுத்தினால் கூடும். உட்கார்ந்த சில நிமிடங்களில் சுவடின்றி மறைந்து, அடுத்த முறை படியேறும்போது அதே இடத்தில் திரும்பி வருவது அதன் இயல்பன்று. உழைப்பில் தோன்றி ஓய்வில் அடங்கும் இறுக்கம், இதயத்தசைக்குத் தேவையான அளவு இரத்தம் சென்று சேரவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். ஆஞ்சைனா எனப்படும் இந்த வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவிலும், தாடையிலும், கையிலும், மேல் வயிற்றிலும் வரலாம். 5 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்த ஒருவருக்கு இது முதுகுவலி என்று முடிவு செய்யும் உரிமை, இதயத்தைப் பரிசோதித்த பிறகே எவருக்கும் உண்டு.

இந்த நிலையில் மாத்திரைகளையும் நிறுத்தியிருக்கிறார் என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. ஸ்டென்ட் என்பது நுண்ணிய உலோக வலைக் குழாய். இரத்தக்குழாயின் உட்படலம் அதன்மீது வளர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெற்று உலோகத்தின் மீதுதான் இரத்தம் ஓடுகிறது. அங்கே இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டி உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போன்ற மாத்திரைகள். மாரடைப்புக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஓராண்டு தருகிறோம். தட்டணுக்களின் ஆயுள் 7 முதல் 10 நாட்கள்தான் என்பதால், மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் புதிய தட்டணுக்கள் உருவாகிப் பாதுகாப்பு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. உங்கள் கணவர் அந்த எல்லையைக் கடந்துவிட்டார். நீங்கள் அஞ்சும் அடைப்பு உருவாகக்கூடிய இடம் ஸ்டென்டின் உட்புறம். முதுகின் தோல் அன்று. பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாத மாத்திரையை, கப்பிங்குக்காக நிறுத்தச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

அவசரப் பிரிவில் எத்தனை நாட்களாக மாத்திரை இல்லை என்பதையும், கீறி இரத்தம் எடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைப்பவர்கள் பலர். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து அவராகவே இரட்டிப்பாக மாத்திரை விழுங்கவும் கூடாது. வலி ஓய்விலும் நீடித்தால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், 108ஐ அழையுங்கள்; அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

மற்றவை அஞ்சத்தக்கவை அல்ல. அடிபட்டுக் கன்றிப்போவதையும் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைவதையும் நாம் இரத்தக்கட்டு என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வந்த குழப்பம் இது. குவளை உறிஞ்சும்போது தோலடியிலுள்ள நுண்ணிய நாளங்கள் உடைந்து, கசிந்த இரத்தம் திசுவில் தங்கி வட்டமாகத் தெரிகிறது. அது குழாய்க்கு வெளியே இருப்பதால் எங்கும் பயணிக்காது, ஓரிரு வாரங்களில் தானே மங்கும். வெளியே வந்தது கெட்ட இரத்தமும் அன்று. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும்; உடலைவிட்டு வெளியேறிய இரத்தம் உறைந்து கட்டியாவது அதன் இயல்பு. கழிவை நீக்கச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன.

கப்பிங் இதய அடைப்பைத் திறக்கும் என்று கைபேசியில் சுற்றும் காணொளிகளைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குவளையின் உறிஞ்சல் தோலையும் அதன் கீழுள்ள திசுக்களையும் இழுக்கும். விலா எலும்புகளுக்கு உள்ளே, இதயத் தமனியின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பை அது தொடவே முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டங்களைக் காட்டுகிறார்கள். அவர் தசை அசதிக்குச் செய்துகொண்டார், ஸ்டென்டைக் காப்பாற்ற அன்று. கழுத்து, இடுப்புத் தசைவலி சிலருக்குக் கப்பிங்கால் சில நாட்கள் குறைவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. யுனானியில் ஹிஜாமா என்ற பெயரில் இதற்கு நெடிய மரபுண்டு. முறையாகப் படித்த யுனானி மருத்துவர், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகே கத்தியை எடுப்பார்.

கத்தியும் குவளையும் புதியவைதானா என்று தெரியாவிட்டால், மருத்துவமனையில் அதையும் சொல்லி, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளை எப்போது செய்ய வேண்டும் என்று கேளுங்கள். ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைகளில் இதயம் நன்றாக இருப்பதாகத் தெரிந்து, வலி தசையினுடையதுதான் என்று உறுதியானால், இயன்முறை மருத்துவரிடம் செல்லட்டும். அதன் பிறகும் குவளை வைத்துக்கொள்ள விரும்பினால், கீறாத வகையைக்கூட இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாமல் செய்துகொள்ளட்டும்.