நினைவில் இல்லாத பயம்

கேள்வி: மூன்று வயதுவரை அடிதடி நிறைந்த வீட்டில் இருந்த பையனை நாங்கள் வளர்க்கிறோம். இப்போது எட்டு வயது. யாராவது முறைத்தாலே சண்டைக்குப் போகிறான். அந்த நாள்கள் அவனுக்கு நினைவே இல்லையே?

பதில்: நினைவில் இல்லாவிட்டாலும் மூளை அதற்கேற்பப் பழகியிருக்கும். பயத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை ‘போதும்’ என்று அடக்குவதில், மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில் அதை உணரும் ஏற்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தாய் அதிகம் நக்கிக்கொடுக்காத எலிக்குட்டிகளில் இந்த ஏற்பிக்கான மரபணுமீது, அதன் செயலை அடக்கும் வேதிக் குறிகளான மெத்தில் குறிகள் கூடுவதை மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2004-ல் காட்டியது. ஏற்பி குறைந்தால் பதற்றம் அடங்கத் தாமதமாகும். எலியை வைத்து மனிதரை முழுதாக எடைபோடக் கூடாது. ஆனால் வன்முறையைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளின் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா கோப முகங்களைக் கண்டால் கூடுதலாகத் தூண்டப்படுகிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. வேண்டுமென்றே வம்பு செய்கிறான் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அவன் கொதிக்கும்போது காரணம் கேட்டால் பதில் வராது. குரலைத் தாழ்த்தி, அவன் கண்மட்டத்துக்கு இறங்கி, பக்கத்திலேயே இருங்கள். மூச்சு சீரான பிறகுதான் பேச்சு. தண்டனையாகத் தனியறையில் அடைத்தால் பயம் இன்னும் கூடும். சாப்பாடு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே அவனுக்குப் பெரிய ஆறுதல். அவன் மாற மாதக்கணக்கில் ஆகும். தன்னையே காயப்படுத்திக்கொண்டால் காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.